காலி சிலிண்டர்தானே என்று வேனில் ஏற்றினால்

கேள்வி: ஐயா, நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். எங்கள் குலதெய்வக் கோயில் சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் ஒரே வேனில் போய் வருவோம். சமையலுக்கு வீட்டுச் சிலிண்டரையும் பெரிய அடுப்பையும் அதே வேனில் ஏற்றிக்கொள்வது வழக்கம். இந்த முறை சமையல் முடியும்போது அடுப்பு எரியாமல் நின்றுவிட்டதால், கேஸ் தீர்ந்துவிட்டது என்று ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் கடைசி இருக்கைக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்கள். ஏசி போட்டுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் என் மாமியார் கேஸ் வாடை வருகிறது என்றார். கடைசி இருக்கையில் படுத்திருந்த என் மகன் வாந்தி எடுத்தான். ஓட்டுநர், "காலி சிலிண்டர்தாம்மா, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டார், வண்டியை நிறுத்தவில்லை. உதவியாளர் வாசனை ஸ்பிரேயை அடித்தார். பத்து நிமிடத்தில் வாடை போய்விட்டது, வீடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்ததா, நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? ஆடியில் மறுபடியும் போகவேண்டியிருக்கிறது. ஐந்து கிலோ சிலிண்டராக எடுத்துப் போனால் பரவாயில்லையா? அந்தப் பழைய சிலிண்டர் இன்னும் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் பயம் வீணானது அல்ல. அன்றைக்கு அந்த வேனில் சரியாகச் சொன்னவர் உங்கள் மாமியார் ஒருவர்தான். ஓட்டுநர் காலி சிலிண்டர் என்று நினைத்தது தவறு. கண்ணாடியை இறக்கினால் போதும் என்று நினைத்தது தவறு. வாடை போனதும் கேஸும் போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தது இவை இரண்டையும்விடப் பெரிய தவறு. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிலிண்டர் நிரப்பும் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நல்ல அனுபவமுள்ள ஆட்களே இந்த மூன்று இடங்களிலும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: இந்த வாயு கீழே கிடக்கும், நம் மூக்கும் வண்டியின் ஜன்னலும் மேலே இருக்கின்றன.

நம் சமையல் சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தத்துக்குள் இருக்கும்வரை அது திரவம். வெளியே வந்தால் உடனே ஆவியாகி, ஏறத்தாழ 250 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. ஆகவே அது புகையைப்போல மேலெழும்பிக் கலைந்து போவதில்லை. தரையில் சிந்திய தண்ணீரைப்போலத் தாழ்வான இடம் தேடி ஓடி, அங்கே தேங்குகிறது. வீட்டுச் சமையலறையிலாவது வாசல் வழியாகத் தரையோடு தரையாக வெளியேற வழியுண்டு. வேன் என்பதோ நான்கு பக்கமும் இடுப்பளவுக்குத் தகடு எழுப்பிய ஒரு தொட்டி. அதன் ஜன்னல்கள் தொட்டியின் விளிம்புக்கு மேலேதான் தொடங்குகின்றன.

முதலில் அந்தக் காலி சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி, அடுப்பு "எரியாமல் நின்றுவிட்டது" என்ற வரிதான். முப்பது நாற்பது பேருக்குச் சமைக்கும் பெரிய அடுப்பு, வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கேஸை இழுக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் தன்னைச் சுற்றியுள்ள இரும்பிலிருந்தும்தான் அது எடுத்துக்கொள்கிறது. வேகமாக இழுக்க இழுக்கத் திரவம் குளிர்ந்துகொண்டே போகும், அழுத்தம் குறையும், தீ நாக்கு சுருங்கும். அப்போது சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சில நேரங்களில் அதன் மேல் வேர்த்தாற்போல் நீர் கோத்திருக்கும். அந்த வேர்வைக்கோடு எதுவரை இருக்கிறதோ அதுவரை உள்ளே திரவம் இருக்கிறது என்று பொருள். சமையல் மாஸ்டர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அடிப்பக்கத்தில் வெந்நீர் ஊற்றுவது, சிலிண்டரைச் சாய்ப்பது போன்ற, செய்யக்கூடாத வேலைகளைச் செய்து மிச்சத்தையும் எரித்துவிடுகிறார்கள். தெரியாதவர்களோ தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு அதே சிலிண்டர் வெயிலில் நின்ற வேனுக்குள் ஏறி, மெல்லச் சூடாகி, இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெறுகிறது. அடுப்பங்கரையில் செத்துக்கிடந்த சிலிண்டர் அருப்புக்கோட்டைக்கு வருவதற்குள் உயிர்பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படுக்க வைத்தது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் வால்வுக்கு அருகே இருப்பது ஆவி. படுத்த சிலிண்டரில், மீதமிருக்கும் அளவைப் பொறுத்து, திரவமே வால்வை வந்து தொடலாம். ஆவி கசிந்தால் கசிவது ஆவியாகவே கசியும். திரவம் கசிந்தால், கசியும் ஒவ்வொரு சொட்டும் வெளியே வந்து 250 மடங்காக விரியும். ஓட்டை ஒன்றுதான், ஆனால் வெளியேறும் கேஸின் அளவு பல மடங்கு. நம் சிலிண்டர் வால்வுக்குள் ஒரு சிறு ஊசியும் அதை மேலே தள்ளும் சுருள்வில்லும், ரெகுலேட்டரோடு பொருந்தும் ஒரு ரப்பர் வளையமும் இருக்கின்றன. ரெகுலேட்டரைக் கழற்றியதும் வில் தானாக ஊசியைத் தள்ளி வழியை அடைக்கவேண்டும். கோயில் திடலில் புழுதிக்கு நடுவே கழற்றி மாட்டும்போது ஒரு மணற்துகள் ஊசியின் ஓரத்தில் சிக்கிக்கொண்டால் போதும், அடைப்பு முழுமையாகாது. இதற்கென்றே நைலான் கயிற்றில் கட்டிய ஒரு மூடியைச் சிலிண்டரோடு தருகிறார்கள். அது வெறும் தூசு மூடி அல்ல. வால்வு கைவிட்டாலும் கசிவைத் தடுக்கும் இரண்டாவது காவல். உங்கள் கடிதத்தில் அந்த மூடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் வந்த அன்றே அது பரணுக்கோ குப்பைக்கோ போய்விடுகிறது.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் ஓட்டுநரிடமும் மைத்துனர்களிடமும் உங்களால் பேச முடியும். காற்றில் இந்தக் கேஸ் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு கலந்தால் எரியத் தொடங்கும். 9 பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் எரியாது. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நின்றாலும் ஒரு பொறி போதும். ஒரு கிலோ கேஸ் ஆவியானால் ஏறத்தாழ 450 லிட்டர். உங்களுடையதைப் போன்ற ஒரு வேனின் உட்புறம் சுமார் 10,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் 2 பங்கு என்பது 200 லிட்டர். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் "தீர்ந்துபோன" பிறகு அரைக் கிலோ தங்கியிருப்பது அதிசயமில்லை. இந்தக் கணக்கும் கேஸ் வண்டி முழுக்கச் சீராகப் பரவினால்தான் பொருந்தும். அது பரவுவதில்லை, தரையில் தேங்குகிறது என்று மேலே சொன்னேன். வேனின் தரையை 7 சதுர மீட்டர் என்றும், கேஸ் தேங்கும் உயரத்தை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக 20 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அந்த அடுக்கு மட்டும் எரியும் நிலைக்கு வர 28 லிட்டர், எடையில் சுமார் 60 கிராம் போதும். திரவமாகப் பார்த்தால் ஏறத்தாழ அரைத் தம்ளர்தான். காரின் டிக்கியாக இருந்தால் இதைவிடக் குறைவு.

நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் போனால் எரியாது என்று சொன்னதைச் சிலர் ஆறுதலாக எடுத்துக்கொள்வதுண்டு. கதவைத் திறந்ததும் புதுக் காற்று உள்ளே வந்து அந்த அளவு குறையும். குறைந்து வரும் வழியில் எரியும் நிலையைக் கடந்துதான் அது போயாக வேண்டும். ஆகவே மிகுதியான கசிவிலும் பாதுகாப்பு எதுவும் இல்லை.

இனி வாடை மறைந்த கதை. இந்த வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற, அழுகிய முட்டைக்கோஸ் வாடையுள்ள பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். எரியத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கேஸ் காற்றில் கலந்தாலே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பது அதற்கான அளவுகோல். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருப்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, மூக்கு சலித்துவிடும். மீன் சந்தைக்குள் நுழையும்போது தாக்கும் நாற்றம் சற்று நேரத்தில் தெரியாமல் போவதுபோல, சில நிமிடங்கள் தொடர்ந்து இந்த வாடையிலேயே இருப்பவருக்கு அது குறைந்துவிட்டதாகத் தோன்றும். சளி பிடித்தவர்களுக்கும், வயதானவர்களில் பலருக்கும், கொரோனாவுக்குப் பின் மோப்ப உணர்வு முழுதாகத் திரும்பாதவர்களுக்கும் முதலிலேயே தெரியாமல் போகலாம். உங்கள் மாமியாருக்கு அந்த வயதிலும் தெரிந்தது உங்கள் எல்லோருக்கும் வாய்த்த நற்பேறு. இரண்டாவது சிக்கல், உட்கார்ந்திருப்பவரின் மூக்கு தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஓடும் வண்டியின் ஜன்னல் வழியாக வரும் காற்று அந்த உயரத்தில் இருப்பதைத்தான் அலசிக்கொண்டு போகிறது. இருக்கைகளுக்கு அடியிலும், பின்புற மூலையிலும், படிக்கட்டின் பள்ளத்திலும் கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். பத்து நிமிடத்தில் வாடை போனது என்றால் மேல்காற்று மாறியது என்பதுதான் உறுதி. கீழே என்ன இருந்தது என்பதற்கு அது சான்று அல்ல. கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றையே சுழலவிடும் நிலையில் ஏசியை ஓட்டியது அதற்கு முன் நேரம் முழுவதும் கசிவைச் சேர்த்து வைத்திருந்தது.

ஒரு சுற்றுப்பேச்சு: சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை கூடுதலாகத் தெரியும். மெர்காப்டன் மெதுவாக ஆவியாகும் பொருளாதலால் கடைசித் திரவத்தில் செறிந்து நிற்கிறது. "தீரப்போகிறது, அதனால்தான் நாறுகிறது" என்று வீடுகளில் சொல்வது இதை வைத்துத்தான். அது உண்மையென்றாலும், வாடை காற்றுக்கு வந்திருக்கிறது என்றால் கேஸும் வந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

தேங்கிய கேஸைப் பற்றவைக்க எவ்வளவு சிறிய பொறி போதும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். தேவைப்படும் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் கால் பங்கு. பாலியெஸ்டர் புடவையோ சட்டையோ இருக்கைத் துணியில் உரசி, இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டதும் சுரீரென்று ஒரு பொறி தட்டுமே, அதில் இதைப்போலப் பல மடங்கு ஆற்றல் இருக்கும். வண்டியிலோ பொறி பிறக்கும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை: ஸ்டார்ட்டர், ஏசி விசிறியின் மோட்டார், பிரேக் மிதிக்கும்போது விளக்கெரிக்கும் சுவிட்ச், ஹாரன், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான், கதவுப் பூட்டு, செல்போன் சார்ஜரைச் செருகும் துளை. இவற்றில் பல முழங்காலுக்குக் கீழேதான் பொருத்தப்பட்டிருக்கின்றன, கேஸ் தேங்கும் அதே உயரத்தில். இவற்றோடு நம் ஊர் வழக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குலதெய்வம் கும்பிட்டுத் திரும்பும் வேனில் டேஷ்போர்டில் ஊதுவத்தி புகையாமல் இருப்பதில்லை. புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்கு முன்னால் தரையில் சூடம் கொளுத்துகிறோம். கசியும் சிலிண்டர் ஏற்றிய வேனின் கதவு திறந்திருந்தால், படி வழியே வழிந்து தரையோடு நகரும் கேஸ் முதலில் சந்திப்பது அந்தச் சூடத்தைத்தான். சாமி காரியத்தைக் குறை சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். சிலிண்டர் இல்லாத வண்டிக்கு எத்தனை சூடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

உதவியாளர் வாசனை ஸ்பிரே அடித்தார் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சற்றுத் தூக்கிவாரிப் போட்டது. அது வாடையை மறைத்து எச்சரிக்கையை அழித்துவிடும் என்பது ஒருபுறம். இன்னொருபுறம், அழுத்தினால் பீய்ச்சியடிக்கும் இத்தகைய டப்பாக்கள் பலவற்றில் வாசனைத் திரவத்தை வெளியே தள்ளும் வாயுவாக இருப்பது இதே பியூட்டேன், புரோபேன் கலவைதான். 2019 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒருவர் தம் காருக்குள் வாசனை ஸ்பிரேயை மிகுதியாக அடித்துவிட்டு, காற்றோட்டம் விடாமல் சிகரெட்டைப் பற்றவைத்தார். காரின் கூரை புடைத்து, கண்ணாடிகள் சிதறின. பக்கத்துக் கட்டடங்களின் ஜன்னல்களும் உடைந்தன. ஆள் சிறு காயங்களோடு தப்பினார். அங்கே சிலிண்டர் எதுவும் இல்லை, கையடக்கமான ஒரு டப்பாதான். அதே பொருளை, ஏற்கெனவே கேஸ் தேங்கிய வேனில் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்.

உங்கள் மகன் வாந்தி எடுத்ததைப் பற்றி: சமையல் கேஸ் தன்னளவில் நஞ்சல்ல. மெர்காப்டன் வாடை குமட்டலை உண்டாக்கும், பயணக் களைப்பும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் மிகுதியான கசிவில் கேஸ் காற்றை ஒதுக்கித் தள்ளி மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குறைத்துவிடும். அந்த நிலை முதலில் வருவது தரைக்கு அருகே, அதாவது இருக்கையில் படுத்திருக்கும் குழந்தைக்கும் நடைபாதையில் பாய் விரித்து உறங்கும் முதியவருக்கும். தலைசுற்றல், தலைவலி, தூக்கக் கலக்கம் எதுவும் ஒருவருக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் உணவைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றைச் சந்தேகியுங்கள்; வெளியே வந்த பின்னும் மயக்கம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டாம். வேனுக்குள் அடுப்பை எரிப்பது, மலைவாசஸ்தலங்களில் குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு எரிப்பது உட்பட, முற்றிலும் வேறொரு ஆபத்து. அங்கே காற்றுப் போதாமல் எரியும் தீயிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

"எல்லோரும்தான் கொண்டுபோகிறார்கள்" என்று வீட்டில் யாராவது சொன்னால், உங்கள் ஊரிலேயே நடந்ததை நினைவூட்டுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகத் தரிசனம் செய்து வந்த குழு அது. விதிக்கு மாறாகக் கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தேநீர் தயாரிக்க முயன்றபோது தீப்பிடித்தது. அவர்களும் அத்தனை நாள் பயணத்தில் ஒன்றும் ஆகாமல்தான் வந்திருந்தார்கள்.

ஓடும் வண்டியில் கேஸ் வாடை வந்தால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். யாருக்கு வாடை வந்தாலும், ஒரே ஒருவருக்கு வந்தாலும், அதை உண்மை என்றே கொள்ளவேண்டும். மற்றவர்கள் மோந்து பார்த்து வாக்கெடுப்பு நடத்தும் காரியம் இது அல்ல. ஓட்டுநர் வண்டியை வீடு, டீக்கடை, பெட்ரோல் பங்க் எதுவும் இல்லாத திறந்த ஓரத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி இஞ்சினை ஒரே தடவையில் அணைத்துவிட வேண்டும். அணைப்பதிலும் சிறு பொறி உண்டாக வாய்ப்புண்டுதான். ஓடிக்கொண்டே இருக்கும் இஞ்சினும் ஏசி விசிறியும் தரும் வாய்ப்புகளை நோக்க அது குறைவு. அதன் பிறகு எந்த சுவிட்சையும் தொடக்கூடாது: விளக்கு போடுவது, பொத்தானை அழுத்திக் கண்ணாடி இறக்குவது, ரிமோட்டில் பூட்டுவது எதுவும் கூடாது. இறங்கும் கதவையும் பின்கதவையும் கையால் அகலத் திறந்து, குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் இறக்கி, காற்று வீசும் திசையைப் பார்த்து அதற்கு எதிர்ப்பக்கமாக ஐம்பது அறுபது அடிக்குக் குறையாமல் தள்ளிப் போகவேண்டும். பைகளுக்காகத் திரும்பி வரக்கூடாது. செல்போனை அந்தத் தூரத்துக்குப் போன பிறகே எடுக்கவேண்டும். கேஸ் கசிவுக்கென்றே நாடு முழுவதற்கும் உள்ள அவசர எண் 1906. தீயணைப்புக்கு 101 அல்லது 112.

தீ இல்லை, சீறல் சத்தம் இல்லை, லேசான வாடைதான் என்றால், வளர்ந்தவர் ஒருவர் மட்டும் போய்ச் சிலிண்டரை நிமிர்த்தி, மூடியை வால்வில் அழுத்திப் பொருத்தி, நிமிர்ந்த நிலையிலேயே தூக்கிவந்து வெட்டவெளியில் வைக்கலாம். பள்ளம், சாக்கடை, கிணற்றோரம் ஆகிய இடங்கள் வேண்டாம். கேஸ் அங்கேதான் போய்ச் சேரும். சீறும் சத்தம் கேட்டாலோ, வால்வின் மேல் வெண்பனி படிந்திருந்தாலோ திரவம் வெளியேறுகிறது என்று பொருள். கைபட்டால் தோல் உறைந்து புண்ணாகும். அதன் அருகே போகாமல் தீயணைப்பு வீரர்களுக்கு விட்டுவிடுங்கள். வண்டியில் தீ பற்றி, சிலிண்டர் உள்ளே இருக்கிறது என்றால், வண்டியையோ சிலிண்டரையோ காப்பாற்றும் எண்ணமே எழக்கூடாது. தீயில் காயும் சிலிண்டர் வெடித்தால் அதன் துண்டுகள் வெகுதொலைவு பாயும். ஆகவே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விலகவேண்டும்.

சிலிண்டரை அகற்றிய பிறகும் உடனே ஏறிப் புறப்பட்டுவிடக்கூடாது. எல்லாக் கதவுகளையும் அரைமணி நேரமாவது திறந்துவைத்து, தரை விரிப்புகளை வெளியே எடுத்துப் போட்டு, ஒரு அட்டையால் தரையோடு வாசல் நோக்கி விசிறிவிடுங்கள். வெளியே நல்ல காற்றில் இருந்துவிட்டு வந்த ஒருவர் குனிந்து இருக்கைகளுக்கு அடியில் மோந்து பார்க்கவேண்டும். உள்ளேயே இருந்தவர் மூக்கை நம்பவேண்டாம். அதன் பிறகுதான் சாவியைப் போடலாம்.

ஐந்து கிலோ சிலிண்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். வண்டி முழுவதும் எரியும் நிலைக்கு வர அரைக் கிலோ போதுமென்றால், ஐந்து கிலோவில் அது பத்து மடங்கு. சிறிதாக இருப்பதால் இருக்கைக்கு அடியில் உருட்டி விடவும், மேலே பைகளை அடுக்கவும் தோன்றும். அந்த வகையில் பெரியதைவிட அது மோசம். எந்த அளவானாலும் ஆட்கள் பயணம் செய்யும் மூடிய வண்டிக்குள் சிலிண்டர் கூடாது என்பதே என் திட்டமான கருத்து. வெயிலில் நிறுத்திச் சாத்திய வண்டியின் உட்புறம் நம் ஊர்க் கோடையில் 60 டிகிரியைத் தொடும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். இருசக்கர வண்டியில் ஏற்றிப் போகலாமே என்று யாராவது யோசனை சொன்னால், 2016-ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகள் அதைத் தெளிவாகவே தடை செய்கின்றன.

ஆடிக்கு என்ன செய்யலாம்? பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து போவதால் செலவைப் பகிர்ந்துகொள்ள முடியும். பாத்திரம், அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே திறந்த ஒரு குட்டி யானையில் தனியாக ஏற்றி அனுப்புங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, மூடி போட்டு, வெயில் நேரே விழாதபடி, ஆனால் தார்ப்பாயால் இறுக மூடாமல் கொண்டு போகவேண்டும். ஓட்டுநருடன் ஒருவருக்கு மேல் அதில் ஏறவேண்டாம். அது முடியாதென்றால் சாயல்குடியிலேயே பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுபவர்களிடம் சமையல் ஏற்பாட்டைப் பேசிவிடலாம். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: சாமிக்குப் பொங்கல் வைப்பது எப்படியும் விறகடுப்பில்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கல்லடுப்பு கூட்டினால் சோறும் குழம்பும் ஆகிவிடும்; என் சிறுவயதில் நாங்கள் மாட்டுவண்டியில் போனபோது அப்படித்தான் ஆயிற்று, ருசிக்கும் குறைவில்லை.

வேனை வாடகைக்குப் பேசும்போதே அது எதில் ஓடுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முறையாக அனுமதி பெற்று, வாகனத்துக்கென்றே செய்த கேஸ் தொட்டி பொருத்திய வண்டிகளில் தொட்டி 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வும், கசிந்தால் கேஸை வண்டிக்கு வெளியே கொண்டுபோய் விடும் குழாயும் உண்டு. வீட்டுச் சிலிண்டரை இருக்கைக்குப் பின்னால் கவிழ்த்துவைத்து ரப்பர் குழாயில் ஓட்டும் பழைய ஆம்னி வண்டிகளில் இவை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட வண்டி என்று தெரிந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஏறாதீர்கள்.

கடைசியாக, பின்கட்டில் இருக்கும் சிலிண்டர். இந்தக் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுத வைத்தது அந்த வரிதான். அது மூடிய அறையாக இருந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் திறந்தவெளிக்கு மாற்றுங்கள். அருகில் விளக்கோ வெந்நீர் அடுப்போ இருக்கக்கூடாது. வால்வின் வாய்க்குழியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சிலிண்டர் கொண்டுவரும் தம்பிகள் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது. குமிழி வந்தால் ஊசி சரியாக அடைக்கவில்லை. மூடியைப் பொருத்திவிட்டு 1906-க்கு அழைத்தால் ஆள் வருவார். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம். குமிழி வரவில்லை என்றாலும், அடுத்த சிலிண்டர் வரும்போது இதைச் சும்மா மாற்றிக் கொடுத்துவிடாமல், பயணத்தில் கசிந்த சிலிண்டர் இது என்று ஏஜென்சியில் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி வால்வுக் கைப்பிடியில் கட்டி அனுப்புங்கள். ஆலையில் நிரப்பிய பிறகு ஒவ்வொரு வால்வையும் ரப்பர் வளையத்தையும் கசிவுக்குச் சோதிக்கிறோம். ஆனால் நின்று நிதானமாக இருக்கும்போது கசியாமல், குலுங்கும்போது மட்டும் கசியும் வால்வு அந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும். அந்தச் சீட்டைப் பார்த்தால் வால்வையே கழற்றி மாற்றிவிடுவார்கள்.